பல்லி இல்லாத வீடுகள்

ஆகஸ்ட் 4, திங்கள்

தேர்வாகிவிட்டோம், தேர்வாகிவிட்டோம், பல்லியை வைத்து நிஜமான ஆய்வு செய்யப்போகிறோம், பல்கலைக்கழகத்திலிருந்து எங்களுக்கென்றே ஒரு அக்கா வரப்போகிறார், இதை நான் மூச்சுவிடாமல் தட்டிக்கொண்டிருக்கிறேன்!

சரி. ஒழுங்காக எழுதுகிறேன். கோயம்புத்தூரில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் விலங்கியல் எம்.எஸ்.சி. படிப்பவர்கள், பள்ளி மாணவர்களுக்கு ஆய்வு செய்யவும் அதைக் கட்டுரையாக எழுதவும் சொல்லித்தருகிறார்கள். செப்டம்பரில் அங்கேயே கருத்தரங்கு. நல்ல கட்டுரைகள் அவர்களுடைய இதழில் அச்சாகும். தாராபுரத்திலிருந்து எங்கள் பள்ளி மட்டும்தான். பிளஸ் ஒன்னில் நான், ஹமீதா, சபரி மூன்று பேர். கேள்வி என்னுடையது: வெள்ளை எல்.இ.டி. விளக்கு எரியும் சுவரில் பல்லி அதிகமா, மஞ்சள் குண்டு பல்பு எரியும் சுவரில் அதிகமா?

எனக்குப் பல்லி என்றால் உயிர். யாரும் சொல்லித்தந்து வரவில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு வீடியோ பார்த்தேன், பல்லியின் பாதத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்கள், அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். பிறகு எல்லாமே போனில் நானே தேடிப் படித்தது. ‘பல்லி பக்கம்’ என்று ஒரு பக்கம் நடத்துகிறேன். முந்நூற்றுச் சொச்சம் பேர் பின்தொடர்கிறார்கள். அதில் பாதிப் பேர் வெளிநாட்டுப் பல்லிப் பைத்தியங்கள், அவர்களுக்குத் தமிழ் தெரியாது. என் பக்கத்தின் நாயகன் மொட்டைவால். அப்பாவின் எலக்ட்ரிகல் கடைச் சுவரில் குடியிருப்பவன். வால் அறுந்து பாதிதான் முளைத்திருக்கிறது.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “ஊருல புள்ளைங்க டாக்டருங்குது, கலெக்டருங்குது. எனக்குன்னு பொறந்தது பல்லிங்குது” என்றார். ஆனால் சாயங்காலம் கேசரி செய்தார்.

ஆகஸ்ட் 6, புதன்

அக்காவின் பெயர் எழிலரசி. இன்று வீடியோ காலில் பேசினோம். தலைமுடியை ஒரே கிளிப்பில் தூக்கிக் குத்தியிருந்தார். பின்னால் விடுதிச் சுவர். அக்கா தவளைகளின் சத்தத்தை ஆராய்கிறாராம். ராத்திரி குளத்தோரம் உட்கார்ந்து பதிவு செய்வாராம். இதைவிட ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்?

நான் எனக்குத் தெரிந்த பல்லி வகைகளின் அறிவியல் பெயர்களை எல்லாம் வரிசையாகக் கொட்டினேன்.

“பேருதான் மௌனிகா, வாய மூடவே மாட்டாக்கா” என்றான் சபரி.

அக்கா சிரித்தார். “பேரெல்லாம் தெரிஞ்சிருக்கே மௌனி, சூப்பர். இப்போ எண்ணணும். இருட்டினதும் ஒரு வீட்டு முன்னாடி நின்னு, விளக்கச் சுத்தி எத்தன பல்லின்னு அஞ்சு நிமிஷம் பாக்கணும். அவ்ளோதான்.”

“அவ்ளோதானாக்கா?”

“செஞ்சு பாரு, அப்புறம் சொல்லு.”

எண்ணிக்கையைப் பதிய ஓர் அட்டவணை அனுப்பினார். வீடு, விளக்கின் நிறம், பல்லிகள் எத்தனை. மூன்றே கட்டம். வெள்ளையில் பத்து வீடு, மஞ்சளில் பத்து வீடு வேண்டும்.

வீடியோ காலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். ஆவணத்துக்காக. வால்பேப்பராக வைத்ததும் அதற்காகத்தான்.

ஆகஸ்ட் 9, சனி

முதல் எண்ணிக்கை! பழைய மில் குடியிருப்பில் ஆரம்பித்தோம். முதல் வீட்டிலேயே வெள்ளை டியூப்லைட்டைச் சுற்றி ஆறு பல்லி. நான் கத்தியதில் உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்துவிட்டார்.

“பொழுதோட வந்து ஊட்டுச் செவுத்த மொறச்சுட்டு நிக்கறீங்களே, யாரு ஊட்டுப் புள்ளைங்க?”

“பல்லி எண்றோமுங்க.”

“எதுக்குங்கண்ணு, எலெக்சனுக்கா?”

சபரி இதைச் சொல்லிச் சொல்லி வழியெல்லாம் சிரித்தான். பிறகு புது நகர்ப் பக்கம் போனோம். அங்கே எல்லாம் புதுசாகக் கட்டிய வீடுகள், பளபளவென்று பெயிண்ட், எல்லாமே வெள்ளை லைட். ஒரு வீட்டில் பல்லி வராமலிருக்க முட்டை ஓட்டைக் கோர்த்துத் தொங்கவிட்டிருந்தார்கள். என்ன அநியாயம். அஞ்சு நிமிஷம் நின்றும் ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டிலும் இல்லை. “இங்க ஒண்ணுமில்ல, அடுத்த ஊடு” என்றான் சபரி. நேரம்தான் வீண். பல்லி உள்ள வீடாகத் தேடிப் பிடிப்பதற்குள் கால் வலி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாவாட்டச் சொன்னார் அம்மா. பாதியில் கரண்ட் போய்விட்டது. வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

இரண்டு சனிக்கிழமையில் முடித்துவிட்டோம். மதியம் அட்டவணையை அக்காவுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் படம் வரைந்து அனுப்பிவிட்டார். வெள்ளை லைட்: வீட்டுக்கு நாலரை பல்லி. மஞ்சள் பல்பு: இரண்டும் சொச்சமும். அக்காவின் குரல் செய்தி: “மௌனி, டபுள்டா! இவ்ளோ தெளிவா வரும்னு நான் நெனைக்கவே இல்ல. எங்க சார்கிட்டக் காட்டப்போறேன்.”

‘நெனைக்கவே இல்ல’ என்று சொல்லும்போது குரல் மேலே போனது. நிறைய தடவை கேட்டேன்.

வீடியோ போட்டுவிட்டேன். “உங்கள் வெள்ளை லைட் பல்லிகளை இரட்டிப்பாக்குகிறது! எங்கள் ஆய்வு நிரூபித்தது!” போடலாமா என்று அக்காவிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் எடிட்டிங் முடிந்துவிட்டது.

ஆகஸ்ட் 25, திங்கள்

இரண்டு லட்சம் பேர். இரண்டு லட்சம்! யாரோ ஒரு செய்திப் பக்கம் எடுத்துப் போட்டிருக்கிறது. பள்ளியில் எட்டாம் வகுப்புப் பொடிசுகள் “பல்லியக்கா” என்று கூப்பிடுகின்றன. பெருமையாகத்தான் இருக்கிறது.

பின்னூட்டங்களில் ஒருவர் மட்டும் எரிச்சலூட்டுகிறார். “எங்க வீட்டுல நாலு பக்கமும் வெள்ளை லைட்டுதான். பல்லி ஒண்ணுகூட இல்ல. எங்க வீட்டயும் கணக்குல சேருங்க பாப்பா.” இவருக்கு ஆய்வு என்றால் என்னவென்று தெரியவில்லை. பல்லியே இல்லாத வீட்டில் எதை எண்ணுவது? அதே மாதிரி இன்னும் சில பேர். மறைத்துவிட்டேன். படிப்பவர்களுக்குக் குழப்பம் வேண்டாமே என்றுதான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கடையில் அப்பாவுக்கு உதவினேன். ஒருவர் வெள்ளை டியூப்லைட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

“மஞ்ச பல்பு குடுங்க. வெள்ளையில பல்லி எச்சா வருதாமா. போன்ல ஒரு புள்ள சொல்லுச்சு.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஸ்குரூ டப்பாவை அடுக்கினேன்.

அவர் போனதும் அப்பா சொன்னார்: “இந்த வாரத்துல இது எத்தனையாவது ஆளோ. குண்டு பல்புக்கு நான் எங்க போறது கண்ணு? கம்பெனிக்காரனே நிறுத்திட்டான். ஏஞ்சாமி, நீ சொன்னது கரெக்டுதான?”

“யுனிவர்சிட்டிலயே ஒத்துக்கிட்டாங்கப்பா.”

“அப்பச் சரி” என்றார். அப்பா உடனே நம்பிவிடுவார். அதில்தான் சிக்கல். சிக்கல் என்றால், சிக்கல் இல்லை.

செப்டம்பர் 3, புதன்

கட்டுரை எழுதுகிறோம். நான் எழுதி அனுப்பியதில் அக்கா சிவப்பால் கோடு போட்டுத் தள்ளிவிட்டார். என் முதல் வரி: “வெள்ளை விளக்கே பல்லிகளின் சொர்க்கம் என்பதை உலகுக்கு நிரூபித்துவிட்டோம்!!!”

அக்காவின் குறிப்பு: “உலகத்த விடு. எந்த ஊரு? எத்தன வீடு? நீ பாத்தத மட்டும் எழுது. மூணு ஆச்சரியக்குறியும் எனக்கு வேணும், பத்திரமா வெச்சுக்கறேன், கட்டுரையிலேர்ந்து எடுத்துடு.”

நாலு தடவை திருத்தி இப்படி ஆனது: “தாராபுரத்தில் நாங்கள் பார்த்த இருபது வீடுகளில், வெள்ளை விளக்கு உள்ள சுவர்களில் பல்லிகள் அதிகம் காணப்பட்டன.”

“இவ்ளோ சின்னதாவாக்கா?” என்று கேட்டேன்.

“நீ பாத்தது அவ்ளோதானடா.”

வீடியோவைப் பற்றியும் கேட்டார். விடுதியில் யாரோ காட்டினார்களாம். “நிரூபிச்சோம்னு போட்டிருக்கியே” என்று மட்டும் சொன்னார், அழைப்பு துண்டானது. நெட்வொர்க் பிரச்சினையாக இருக்கும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மேடை கிடைத்துவிட்டது! நிறைய பள்ளிகள் சுவரில் போஸ்டர் மட்டும்தான் ஒட்டும். மைக்கில் பேசப்போவது ஆறு அணிதான், அதில் நாங்கள். செப்டம்பர் 20. அக்காவின் ஆய்வு வழிகாட்டி சார் எங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, போஸ்டரில் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னாராம். அக்காவுக்கு அவரிடமே பி.எச்.டி. சேர வேண்டும். “அன்னைக்கு நல்லா போச்சுன்னா சார்கிட்ட நான் வாயத் தொறந்து கேட்டுடுவேன் மௌனி” என்றார்.

நன்றாகப் போகும் அக்கா. நான் இருக்கிறேன்.

செப்டம்பர் 10, புதன்

மதிய இடைவேளையில் ஒத்திகை. ஹமீதா நடுவர் மாதிரிக் கேள்வி கேட்டாள். அவள் அதிகம் பேசமாட்டாள், பேசினால் குறி தப்பாது.

“மொத்தம் எத்தன வீடு பாத்தீங்க?”

“இருபது.”

“இல்லடி. நாம பாத்தது அதுக்கு மேல. புது நகர்ல வரிசையா நின்னு நின்னு போனமே.”

“அங்கதான் பல்லி இல்லையே.”

“பல்லி இல்ல. ஆனா பாத்தோம்ல? கட்டுரையில ‘நாங்கள் பார்த்த’ன்னு எழுதியிருக்கே.”

“ஏய், இல்லாத பல்லிய எப்படிறீ எண்றது?” என்றான் சபரி, புளிசாதத்தை விழுங்கிக்கொண்டே.

ஹமீதா டிபன் பாக்ஸை மூடினாள். நானும் சாப்பாட்டை மூடிவிட்டேன். பசியில்லை, காலையில் நிறையச் சாப்பிட்டிருந்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

அக்காவுக்கு மெசேஜ் போட்டேன்: “பல்லியே இல்லாத வீடுகளையும் எழுதியிருக்கணுமா அக்கா? சும்மா ஒரு டவுட்.” நீல டிக் வந்துவிட்டது. எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது.

பிறகு: “ஞாயித்துக்கெழம நேர்ல வரேன். போஸ்டருக்கு ஃபோட்டோவும் எடுக்கணும்.”

அக்கா எங்கள் ஊருக்கு வருகிறார்! அட்டவணையை எடுத்து மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும்.

அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினார். காலில் ஆணுக்கான பெரிய ஷூ, குளத்தோரச் சேறு இன்னும் ஒட்டியிருந்தது. அம்மா வீட்டில் உட்காரவைத்து வடை கொடுத்தார். “எங்க மௌனிக்கு உங்களத் தவிர வேற பேச்சே இல்லீங்க” என்று மானத்தை வாங்கினார். இருட்டத் தொடங்கியதும் நாலு பேரும் நடந்தோம். மில் குடியிருப்பில் பல்லிகள் அணிவகுத்து நின்றன. அக்கா படம் எடுத்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது.

புது நகரில், முட்டை ஓடு தொங்கும் வீட்டின் முன்னால் சபரி நிற்காமல் நடந்தான்.

“இங்க பாக்கலையா?” என்றார் அக்கா.

“இங்க எப்பவும் இருக்காதுக்கா.”

“அன்னைக்கு வந்தப்போ நின்னு பாத்தீங்களா?”

“பாத்தோம். ஒண்ணுமில்ல.”

“அட்டவணையில என்ன எழுதினீங்க?”

“ஒண்ணுமில்லாததுக்கு என்னக்கா எழுதறது? அடுத்த ஊட்டுக்குப் போய்ட்டோம்.”

அக்கா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளை லைட், வழவழப்பான சுவர், ஒரு பூச்சி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. “இந்த மாதிரி எத்தன வீடு விட்டீங்க?” என்று கேட்டார். ஹமீதா விரலை மடக்கி, “ஒரு ஒம்பது இருக்கும்க்கா. அநேகமா எல்லாம் இந்தப் பக்கந்தான்” என்றாள்.

“இந்தப் பக்கம் எல்லாம் வெள்ளை லைட்டுல்ல?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்தது என்று எழுதுகிறேன், அதற்கு முன்பே தெரிந்துதான் இருந்திருக்க வேண்டும். வெள்ளை விளக்கு வீடுகளில் பல்லி உள்ளதை மட்டும் பொறுக்கியெடுத்து, பல்லி இல்லாததை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, வெள்ளையில்தான் பல்லி அதிகம் என்று சொல்லியிருக்கிறோம்.

பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கினோம். அக்கா குடிக்கவில்லை.

“தப்பு என்னோடது. பூஜ்யமும் எழுதணும்னு நான் சொல்லியிருக்கணும். வந்த அட்டவணையில ஒரு பூஜ்யங்கூட இல்லாதத நானும் பாக்கல. டபுள்னு வந்த சந்தோஷத்துல…” நிறுத்தினார். “போஸ்டர் பிரிண்டுக்குப் போயாச்சு. சார் பேரு அதுல இருக்கு. சனிக்கிழம முடியட்டும் மௌனி.”

“முடிஞ்சதும் சரி பண்ணிடலாமாக்கா?”

அக்கா பஸ்ஸின் போர்டைப் படித்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர் என்பதைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. ஆமாம் என்றுதான் அர்த்தம். தலைவலியாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பள்ளி விட்டதும் கடைக்குப் போனேன். மொட்டைவாலைக் காணோம். பக்கத்து ஜெராக்ஸ் கடை அமராவதி அக்கா, “அதா, என்ற கடையில மாட்டிக்கிச்சு பாரு” என்றார், ஏதோ பரிசு கொடுப்பது போல.

சுவரோரம் எலிக்கு வைக்கும் பசை அட்டை. அதில் மொட்டைவால். நாலு காலும் ஒட்டி, ஒரு பக்கக் கன்னமும் ஒட்டி, மூச்சு மட்டும் வயிற்றில் ஏறி இறங்கியது.

“ஏனுங்க்கா வெச்சீங்க?”

“நீதானடி சொன்ன? வெள்ளை லைட்டுன்னா ரெண்டு மடங்கு வரும்னு. நான் போன மாசந்தான் புது லைட் மாட்டுனேன். மஞ்ச பல்பு உங்கப்பன் கடையில இல்லீங்கறாரு. வேற என்ன பண்றது?”

போன் செய்ததும் அம்மா வீட்டிலிருந்து சமையல் எண்ணெயோடு ஓடிவந்தார். பல்லியைப் பார்த்தாலே விலகிப்போகும் அம்மா, அட்டையைப் பிடித்துக்கொண்டார். நான் பஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டு ஒவ்வொரு விரலாக விடுவித்தேன். அந்த விரலின் அடியைத்தான் எட்டாம் வகுப்பில் பெரிதாக்கிப் பார்த்து விழுந்தேன். எண்ணெய் பட்டால் அதற்கு ஒட்டாது, சுவரில் ஏற முடியாது. மெதுவாக நகர்ந்து பலகைக்கு அடியில் போய்விட்டது.

“பொழைச்சுக்கும் கண்ணு” என்றார் அம்மா. “பல்லி விழுந்தா பலன் பாப்பாங்க. மனுசன் கையில பல்லி விழுந்தா யாரு பாக்கறது, இல்ல?”

மறைத்து வைத்திருந்த பின்னூட்டங்களை எல்லாம் திறந்து படித்தேன். பசை அட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்கள் நிறைய. முன்பும் பார்த்திருக்கிறேன். எழுதவில்லை.

செப்டம்பர் 17, புதன்

நாங்கள் மூவரும் விட்ட வீடுகளுக்கு மறுபடி போய் நின்றோம். ஒன்பது வீடு. எட்டு வெள்ளை, ஒன்று மஞ்சள். இந்த முறை சபரி ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் “பூஜ்யம்!” என்று வாய்விட்டுச் சொன்னான், ஹமீதா எழுதினாள். முதலில் சிரிப்பாக இருந்தது. ஐந்தாவது வீட்டில் சிரிப்பு நின்றுவிட்டது.

எல்லாவற்றையும் சேர்த்தால் வெள்ளை இரண்டரை, மஞ்சள் இரண்டு. நாலரை எங்கே போனது? இருந்ததே இல்லை.

அக்காவுக்கு அனுப்பினேன். கீழே, “நான் இதத்தான் பேசணும்க்கா” என்று எழுதினேன். அனுப்பிய பிறகு போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

அக்காவின் பதில்: 0. நீல டிக் இருக்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

அக்காவின் பதில்: 0. வால்பேப்பரை மாற்றிவிட்டேன். பிறகு பழையதையே வைத்தேன். மொட்டைவால்: 0.

செப்டம்பர் 20, சனி

பஸ்ஸில் ஹமீதா ஒரு சார்ட் பேப்பரைச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். புதுப் படம், கையால் வரைந்தது.

அரங்க வாசலில் அக்கா நின்றார். சேலை கட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் போஸ்டர், அதில் நாலரை என்று கொட்டை எழுத்தில், அடியில் சாரின் பெயர்.

“அக்கா, மெசேஜ்…”

“பாத்தேன்.” என் அடையாள அட்டையின் கயிறு முறுக்கியிருந்ததை நேராக்கினார். “நீ என்ன பேசப்போறன்னு நான் கேக்கல மௌனி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டினாரா, விட்டுக்கொடுத்தாரா, இப்போதும் தெரியவில்லை.

எங்கள் முறை வந்தது. மைக் எனக்கு உயரமாக இருந்தது. மனப்பாடம் செய்த தொடக்கம் எல்லாம் போய்விட்டது.

“எங்க போஸ்டர்ல இருக்கற படம் தப்புங்க” என்றேன்.

ஹமீதா சார்ட்டை விரித்தாள், சபரி மறுமுனையைப் பிடித்தான். விட்ட வீடுகளைப் பற்றிச் சொன்னேன். எட்டு வெள்ளை வீட்டுப் பூஜ்யத்தைப் பற்றிச் சொன்னேன். அவற்றைச் சேர்த்தால் வித்தியாசம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, விளக்கு காரணமா, வழவழப்பான சுவர் காரணமா, முட்டை ஓடு காரணமா, எங்களுக்குத் தெரியாது என்றேன். தெரியாது என்று மைக்கில் சொன்னால் அரங்கம் முழுக்க எதிரொலிக்கிறது.

முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியை கேட்டார்: “ஏம்மா, பல்லி இல்லாத வீட்ட ஏன் விட்டீங்க?”

“எனக்குப் பல்லி புடிக்கும் மேடம். பல்லி இல்லாத வீட்ட எனக்குப் பாக்கப் புடிக்கல.”

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “சரி. அட்டவணைய யாரு தயாரிச்சது? பூஜ்யம் பதியணும்னு அதுல இருக்கணுமே.”

மூன்றாவது வரிசையில் சார் உட்கார்ந்திருந்தார். அக்கா ஓரச் சுவரை ஒட்டி நின்றார். நான், “நாங்கதான் மேடம், நாங்களே…” என்று ஆரம்பித்தேன்.

“இல்ல மேடம்.” அக்காவின் குரல். மைக் இல்லாமலே கேட்டது. “நான் தயாரிச்சது. அவங்களுக்குச் சொல்லல. அட்டவணை வந்தப்பவும் கவனிக்கல. போன ஞாயித்துக்கெழமையே தெரியும். தெரிஞ்சும் இந்தப் போஸ்டர ஒட்ட விட்டேன்.”

சார் எழுந்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அது அடித்த மாதிரித் தெரியவில்லை.

பரிசு உடுமலைப்பேட்டைப் பள்ளிக்கு. எங்களுக்குக் கலந்துகொண்டதற்கான சான்றிதழ். வராந்தாவில் அக்காவிடம், “கோவமாக்கா?” என்றேன்.

“பசிக்குது” என்றார். கேன்டீனில் எங்கள் மூவருக்கும் எலுமிச்சை சாதம் வாங்கித் தந்தார். தன்னுடையதில் இருந்த நிலக்கடலையை எல்லாம் பொறுக்கிச் சபரியின் தட்டில் போட்டார். சாரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது ஜன்னலைத் தட்டி, “வீடியோவ என்ன பண்ணப்போற?” என்று மட்டும் கேட்டார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பழைய வீடியோவை எடுத்துவிட்டேன். ‘நான் சொன்னது தப்பு’ என்று புது வீடியோ போட்டேன். இரண்டு லட்சம் பேர் பார்த்த இடத்தில் இதை இதுவரை தொண்ணூறு பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் பாதி நானேதான் திரும்பத் திரும்பத் திறந்தது. அப்பா கடைக்கு வருபவர்களிடம், “என்ற புள்ள தப்பாச் சொல்லிப்போட்டாளுங்க, அவளே இப்பச் சொல்லீட்டா, எந்த லைட்ட வேணாலும் மாட்டுங்க” என்கிறார். கொஞ்சம் பெருமையாகவே சொல்கிற மாதிரி இருக்கிறது. அமராவதி அக்கா அட்டையை எடுத்துவிட்டார். அந்தச் சுவரை இன்றும் அஞ்சு நிமிஷம் பார்த்தேன். மொட்டைவால்: 0.

சாயங்காலம் போன் அதிர்ந்தது. எழில் அக்கா.

“விடுதி, என் அறைச் சுவர். வெள்ளை லைட். அஞ்சு நிமிஷம் பாத்தேன். பல்லி: 0. எழுதிக்கோ மௌனி.”

அதற்குக் கீழே, தனியாக, மூன்று ஆச்சரியக்குறிகள். பத்திரமாக வைத்திருந்தவை.

எழுதிக்கொண்டேன். முப்பதாவது வீடு.

அதனால் இந்தக் குறிப்புகளை எதையும் திருத்தாமல் அப்படியே ‘பல்லி பக்கம்’ பக்கத்தில் போடுகிறேன். நான் மறைத்த பின்னூட்டங்களையும் திறந்துவிட்டேன். நாலு பக்கமும் வெள்ளை லைட் உள்ள அண்ணா, உங்கள் வீட்டைக் கணக்கில் சேர்க்கத் தயாராக இருக்கிறேன், மன்னித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். பழைய வீடியோவை யாருக்காவது அனுப்பியிருந்தால், அவர்களுக்கு இதையும் அனுப்பிவிடுங்கள். பசை அட்டை வைத்திருந்தால் தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள், ஏற்கெனவே ஏதாவது மாட்டியிருந்தால் சமையல் எண்ணெய், பஞ்சு, பொறுமை. பிறகு, இருட்டியதும் உங்கள் வாசல் விளக்கின் முன்னால் அஞ்சு நிமிஷம் நில்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். எந்த ஊர், என்ன விளக்கு, எப்படிப்பட்ட சுவர், எத்தனை பல்லி, நாலையும் இங்கே கீழே எழுதுங்கள். ஒன்றுகூட வரவில்லையா? போய்விடாதீர்கள். அதைத்தான் முதலில் எழுதுங்கள்.